செவலை போன திசை

1.

இந்தக் கதையை இதுவரை பதினொரு முறை ஆரம்பித்திருக்கிறேன். முதல் பத்தில் பெரும்பாலும் குதிரைமேல் உட்கார்ந்திருந்தது நான்தான்.

உண்மையில் அந்த வேட்டைக்கு நான் போகவே இல்லை. போனவர் தோர்லிக் அண்ணன். கூடப் போனது அவருடைய நாய் ஹல்தர். நான் செய்ததெல்லாம் குதிரையை இரவல் கொடுத்தது மட்டும். இரவல் கொடுத்தவனுக்குக் கதையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் அதையே கேட்டுக்கொண்டு இருபத்திரண்டு வருடம் வசதியாக இருந்துவிட்டேன்.

எழுதச் சொன்னவரும் அவர்தான். தோர்லிக் அண்ணனுக்கு இந்த வருடம் எழுபத்து மூன்று. எங்களுக்கு வருடத்துக்கு ஒரு விலங்கு; பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறந்த விலங்கின் வருடம் திரும்பி வரும் வயது. எங்கள் பக்கத்தில் அதைக் கொஞ்சம் பயத்தோடுதான் கடப்பார்கள். வெள்ளை மாதப் புத்தாண்டுப் பண்டிகைக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது மூக்குப்பொடிக் குப்பியை என்னிடம் நீட்டிக்கொண்டே சொன்னார்:

"நம்ஜிலு, நாப்பது வருஷமா பத்திரிகையில கண்டவன் கதையெல்லாம் எழுதுற. என்னோடத ஒண்ணு எழுதேன். போறதுக்கு முன்னாடி ஒருக்கா காதால கேட்டுக்கிறேன்."

"எதை எழுதண்ணே?"

"எதையா? ரெண்டு காலோட மலைக்குப் போனவன் ஒத்தக் காலோட வந்தானே, அதை. நடந்ததை நடந்தபடி எழுது. நாயை மட்டும் ரொம்பத் திட்டிராத. செத்துப்போன ஜீவன்."

குப்பியை வாங்கி முகர்ந்தேன். தும்மல் வந்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தும்மல் வரவில்லை.

2.

கிழித்துப் போட்ட ஆரம்பங்களில் சிலவற்றைக் காட்டுகிறேன். இவ்வளவு தாளைச் செலவழித்திருக்கிறேன், நீங்களும் பார்க்க வேண்டாமா?

"ஹர்கனா ஆற்றின் மேல்கரையில் முதல் பனி விழுந்த மூன்றாம் நாள், என் செவலைக்குச் சேணம் பூட்டி, துப்பாக்கியை முதுகில் மாட்டி, நான் —"

[நிறுத்தினேன். எனக்குச் சுடத் தெரியாது. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும்.]

"தனியாக வேட்டைக்குப் போகிறவனுக்கு மூன்று பேர் துணை: குதிரை, நாய், மலை. இவற்றில் மலை மட்டும் —"

[யாராவது எடுத்து எங்காவது மேற்கோள் காட்டுவார்கள் என்ற நினைப்பில் எழுதிய வாக்கியம். அடித்துவிட்டேன்.]

"என் பெயர் ஹல்தர். என் கண்களுக்கு மேலே இரண்டு செம்புள்ளிகள் உண்டு. அதனால் எனக்கு நான்கு கண் என்பார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன் —"

[இதுதான் அதிக தூரம் போன ஆரம்பம், நான்கு பக்கம். நாய்க்குப் பேச்சு வந்தால் முதலில் யாரைப் பற்றிப் பேசும் என்று ஐந்தாம் பக்கத்தில் புரிந்தது. அடுப்பில் போட்டேன்.]

பதினொன்றாவது ஆரம்பம் ஒரே ஒரு வரி. "இது இங்கே பிறந்த குதிரைதானா என்று தோர்லிக் அண்ணன் கேட்டார்." இதைக் கிழிக்க முடியவில்லை. ஆகவே இங்கிருந்து.

3.

இது இங்கே பிறந்த குதிரைதானா என்று தோர்லிக் அண்ணன் கேட்டார்.

அக்டோபர் மாதம், காலை பத்து மணி இருக்கும். அவருடைய சொந்தக் குதிரை முன்காலில் ஆணி ஏறி நொண்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நாள் வேட்டை, காட்டுப்பன்றிக்கு. எங்கே போகிறார் என்று சொல்லவில்லை. வேட்டைக்காரர்கள் சொல்லமாட்டார்கள், மலைக்குக் காது உண்டு என்பது நம்பிக்கை. தாடையை மட்டும் மேல் கணவாய்ப் பக்கம் லேசாகத் தூக்கிக் காட்டினார். செவலையைச் சுற்றி வந்தார். தொடையில் இருந்த சூட்டு அடையாளத்தைத் தடவிப் பார்த்தார். என் அப்பாவின் அடையாளம் அது, பிறைக்குக் கீழே ஒரு கோடு.

"தனியாப் போறேன்டா, அதான் கேக்குறேன். இங்க பொறந்ததுதானே?"

"அப்பாவோட கிழட்டுச் செவலை இருந்துச்சே, அதோட கடைசிக் குட்டி."

"அட, அதோட வயித்துல பொறந்ததா? நடையப் பாத்தப்பவே நெனச்சேன். அதே நடை. உங்கப்பன் இருந்திருந்தா இதைத் தொடவே விட்டிருக்க மாட்டாரு, கஞ்சப் பய."

"நான் குடுக்குறேன்ல."

"நீ குடுப்ப. உனக்குக் குதிரையோட அருமை தெரியாது. பேனாவோட அருமைதான் தெரியும்."

இருவரும் சிரித்தோம். ஹல்தர் சேணப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு வாலை ஆட்டியது. பிறகு போனார்கள். முன்னால் நாய், நடுவில் குதிரை, மேலே தோர்லிக் அண்ணன். இடுப்பில் ஆரஞ்சுநிறப் பட்டு இடைக்கச்சை, புதுசு. ஹொர்லோ அண்ணி அந்த வருடம்தான் வாங்கிக் கொடுத்திருந்தார்.

அந்தக் குதிரை இங்கே பிறந்ததில்லை.

4.

(இங்கே ஒரு நீண்ட அடைப்புக்குறி தேவைப்படுகிறது. கதை வேண்டுமென்கிறவர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் தாண்டினால் என்னைத் தப்ப விட்டவர் ஆவீர்கள்.

குதிரைக்கு நாங்கள் பெயர் வைப்பதில்லை, நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். ஆகவே ஒரு செவலை போய் இன்னொரு செவலை வந்தால், வாய்க்கு வித்தியாசம் தெரியாது. குதிரைக்குத் தெரியும். வாங்கிய குதிரையை எத்தனை வருடம் வைத்திருந்தாலும், அவிழ்த்துவிட்டால் பிறந்த மேய்ச்சலைப் பார்த்துத்தான் ஓடும். நடுவில் ஆறு இருந்தாலும் ஓடும். தனியாகப் போகிறவன் அந்தக் கேள்வியைக் கேட்பது இதற்காகத்தான். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால், கடிவாள வாரைச் சேணத்தில் இழுத்துக் கட்டிக் குதிரையை விட்டுவிடுவான். தலை குனிய முடியாத குதிரை வழியில் மேயாது, நேரே பிறந்த இடத்துக்குப் போகும். ஆள் இல்லாத சேணத்தைப் பார்த்து ஊர் கிளம்பி வரும்.

அப்பா சாகும்போது எனக்கு விட்டுப்போனது அந்தக் கிழட்டுச் செவலையையும் அதன் குட்டியையும். புல்லெல்லாம் உறைந்து கால்நடைகள் சாகும் பனிப்பஞ்சம் வந்த வருடம் நான் பத்திரிகை வேலை என்று சொல்லி நகரத்தில் வெந்நீர்க் குழாய் ஓடும் அறையில் இருந்தேன். குதிரைகளைத் தூரத்து உறவினர் ஒருவரின் மந்தையில் சேர்த்திருந்தேன். வசந்தத்தில் போனபோது தாயும் குட்டியும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தபடி உறைந்து கிடந்தன. உறவினர் என்னைத் திட்டவில்லை. அவருக்கே நாற்பது குதிரை போயிருந்தது.

ஊருக்குத் திரும்பும் வழியில், தென்மேற்கே நான்கு நாள் தூரத்தில் ஒரு மேய்ச்சலில், அதே வயதில் அதே நிறத்தில் ஒரு குட்டியைப் பார்த்தேன். இன்னும் சூடு போடாத குட்டி. வாங்கினேன். அப்பாவின் சூட்டுக்கோலைப் பழுக்கக் காய்ச்சி நானே அடையாளம் போட்டேன். "அப்பாவின் குதிரையைக் கொன்றுவிட்டான்" என்று ஊர் பேசக்கூடாது என்பதற்காக. இவ்வளவுதான் காரணம். எழுதிப் பார்த்தால் மூன்றே வரி.)

5.

மலையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. தோர்லிக் அண்ணன் நூறு முறையாவது சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னபடியே வைக்கிறேன்.

நான்காம் நாள் பன்றியைச் சுட்டார். நல்ல கொழுத்த ஆண்பன்றி. அதைக் குதிரைப் பக்கம் இழுத்து வரும்போது, பனிக்கு அடியில் கண்ணாடிபோல் உறைந்திருந்த பாறையில் கால் வழுக்கி, பள்ளத்தில் போய் விழுந்தார். வலது தொடை எலும்பு முறிந்தது. கூப்பிட்டதும் பள்ளத்துக்கு இறங்கி வந்த செவலையின் சேணத்தைப் பிடித்து இரண்டு முறை ஏறப் பார்த்தார். இரண்டு முறையும் மயக்கம் போட்டது. துப்பாக்கியும் தீப்பெட்டியும் கறியும் கைக்கு எட்டின. ஆக, காத்திருக்க வேண்டியதுதான், குதிரை போய்ச் சேர்ந்தால் போதும்.

செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார். கடிவாள வாரை இழுத்துக் கட்டினார். பிறகு இடைக்கச்சையை அவிழ்த்துச் சேணத்தின் முன்கொம்பில் மூன்று முடிச்சுப் போட்டார்.

[இதை விளக்காமல் விட முடியுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முடியாது. எங்கள் ஆண்கள் இடைக்கச்சை இல்லாமல் வெளியே வரமாட்டார்கள், அவமானம். வெறும் சேணம் திரும்பி வந்தால் ஆள் போய்விட்டான் என்று அழுவார்கள். கச்சை கட்டிய சேணம் வந்தால், அதை அவிழ்க்கக் கை இருந்தது, உயிரோடு இருக்கிறான், ஓடுங்கள் என்று அர்த்தம். ஆனால் நீள அங்கியைச் சேர்த்துப் பிடித்துக் குளிரை வெளியே நிறுத்துவதும் அதே கச்சைதான். கச்சையைக் கொடுத்தவன் அங்கி திறந்தபடி கிடக்க வேண்டும். அவர் கணக்குப்படி இரண்டு இரவு, அதிகம் போனால் மூன்று.]

செவலை போகவில்லை. அவர் பக்கத்திலேயே நின்றது. கல்லை எறிந்தார், நகரவில்லை. கடைசியில், "ஹல்தர், விரட்டு" என்றார். நாய் பின்னங்காலைக் கவ்வியது. குதிரை கிளம்பிப் பாறைத் திருப்பம் வரை வடக்கே, அதாவது வீட்டைப் பார்த்துத்தான், ஓடியது. அதற்குமேல் பள்ளத்திலிருந்து தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து நாய் மட்டும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. "சபாஷ்டா" என்று அதன் தலையைத் தட்டிக் கொடுத்தாராம்.

அன்றிலிருந்து ஹல்தர் அவருடைய அங்கிக்குள் படுத்துக்கொண்டது. கச்சை இருக்க வேண்டிய இடத்தில் நாய். ஒன்பது நாள்.

6.

பதினோராம் நாள் மதியம் என் வேலி வாசலில் ஒரு பெண் வந்து இறங்கினாள். ஐம்பது வயது இருக்கும். கையில் இரண்டாவது குதிரையின் கயிறு. அந்த இரண்டாவது குதிரை செவலை. சேணத்தில் ஆரஞ்சுப் பட்டு.

எனக்குக் குட்டியை விற்ற துல்மா அக்கா. மூன்று நாள், மூன்று குதிரை மாற்றி வந்திருந்தார்.

"உங்ககிட்ட வித்த குட்டிதான், தம்பி. தாயைத் தேடிக்கிட்டு நாலு நாள் ஓடி வந்திருக்கு. தண்ணிகூடக் குடிக்கல பாவம், தலையக் கட்டியிருந்துச்சு. சேணத்துல கச்சை. அதான் நானே வந்துட்டேன். யாரு போனது?"

"தோர்லிக் அண்ணன்."

"கச்சைய அவுத்தவன் அன்னைக்கு உயிரோடதான் இருந்திருக்கான். இன்னும் ஏன் நிக்கிறீங்க?"

நின்றுகொண்டுதான் இருந்தேன். அந்த நிமிடம் நான் முதலில் நினைத்தது தோர்லிக் அண்ணனை அல்ல. வாசலில் வேறு யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று பார்த்தேன். இதை இதற்கு முன் எங்கும் எழுதியதில்லை.

எட்டுப் பேர் போனோம். பதின்மூன்றாம் நாள் காலை, கணவாய்க்கு மேலே ஹல்தரின் குரைப்புதான் எங்களை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. உயிர் இருந்தது. தொடை பிழைத்தது, ஆனால் வலது பாதம் கரியாகிவிட்டது. மாவட்ட மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். குளிர்தான் காரணம், நான்கு நாள் முன்பே கிடைத்திருந்தால் கால் நின்றிருக்கும் என்றார் டாக்டர். நான்கு நாள் முன்பே என்றால், அந்தக் குதிரை என் வேலிக்கு வந்திருந்தால்.

துல்மா அக்கா கிளம்பும்போது செவலையையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். நான்தான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

"இது எங்க பக்கத்துல பொறந்ததுன்னு இங்க யாருக்கும் தெரியாதா?"

"தெரியாதுக்கா."

"அந்த மனுசனுக்கு?"

செவலையின் கயிற்றை அவர் கையில் கொடுத்தேன்.

"நான் சொன்னா கோள் மூட்டுன மாதிரி இருக்கும். நீங்களே சொல்லிருங்க. சீக்கிரமாச் சொல்லிருங்க தம்பி, நாளாக ஆக வாய் வராது."

ஊரில் நான் சொன்னது வேறு. குதிரை திசை தப்பி அலைந்தது, தூரத்து மேய்ச்சல்காரர்கள் அப்பாவின் அடையாளத்தைப் பார்த்துக் கொண்டுவந்து விட்டார்கள் என்றேன். எல்லா வாக்கியமும் ஏறக்குறைய சரி. எழுதத் தெரிந்தவனின் பொய் இப்படித்தான் இருக்கும்.

7.

ஆனால் கதையில் ஒரு ஓட்டையை விட்டால் யாராவது அதை அடைக்கத்தான் செய்வார்கள். இங்கே பிறந்த குதிரை ஏன் திசை தப்பியது? மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி தோர்லிக் அண்ணன் இதை யோசித்தார். பாறைத் திருப்பம் வரை குதிரை சரியாகத்தான் போனது, கண்ணால் பார்த்தார். அதன் பிறகு அதன் பின்னால் இருந்தது யார்?

"ஹல்தருதான்டா" என்றார் என்னிடம். "அந்த முட்டாப் பய இடது பக்கமா ஏறிக் கடிச்சிருக்கான். அது வலது பக்கம் மிரண்டு இறங்கியிருக்கு. அங்க இறங்கினா அப்புறம் எங்க திரும்புறது?"

இது நான் பேசியிருக்க வேண்டிய முதல் இடம். "இருக்கலாம்ணே" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் நாயைச் சங்கிலியில் போட்டார். விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டை, அதில் ஒரு கொக்கி. சோறு போட்டார், நன்றாகவே போட்டார். அடிக்கவில்லை. வந்தவர்களிடம் எல்லாம், "இதோ கிடக்கானே, ஒருபக்கம் என் உயிரக் காப்பாத்துனான், இன்னொருபக்கம் என் காலத் தின்னான்" என்று சொல்லிச் சிரித்தார். நாய் எழுந்து வாலை ஆட்டும். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று அதற்குத் தெரியும். ஒருமுறை ஹொர்லோ அண்ணி என் காதுபடவே, "அவுத்து விட்டா என்ன? பாவம், மலையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு" என்றார்.

"விட்டா? யாரு குதிரையத் தொலைக்க?"

நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்தேன்.

ஒன்பது நாள் அவருக்குக் கச்சையாக இருந்த நாய் ஒன்பது வருடம் அந்தக் கொக்கியில் இருந்தது. [எண்கள் ஜோடியாக விழுவது கதாசிரியன் வேலைபோல இருக்கிறது. மாற்றலாமா என்று பார்த்தேன். நிஜமாகவே ஒன்பதுதான்.]

8.

ஹல்தர் ஒரு மே மாதக் காலையில் செத்தது. நான் அங்கே இருந்தேன்.

எங்களுக்கு நாய்தான் மனிதப் பிறவிக்கு முந்தின படி. செத்த நாயின் வாலை அறுத்துத் தலைக்குக் கீழே வைப்போம். வாயில் ஒரு துண்டு ஆட்டுக் கொழுப்பு, வழிக்குப் பசிக்காமல் இருக்க. பிறகு வளர்த்தவன் குனிந்து அதன் காதில், மனிதனாகப் பிறந்து வா என்று சொல்வான். சொல்லாவிட்டால் அது மறுபடி நாய்தான்.

தோர்லிக் அண்ணனால் குனிய முடியாது. கத்தியையும் கொழுப்பையும் என்னிடம் கொடுத்தார். ஊன்றுகோலில் சாய்ந்து நின்றார். வாலை அறுத்து வைத்தேன். கொழுப்பை வாயில் வைத்தேன். அதன் பற்கள் தேய்ந்திருந்தன, சங்கிலியைக் கடித்துக் கடித்து. அவர் நாயின் காதில் சொல்வதற்காக, அவரைத் தரையில் உட்கார வைக்கக் கையை நீட்டினேன்.

"வேணாம்" என்றார்.

"அண்ணே?"

"காதுல ஒண்ணும் சொல்ல வேணாம். மறுபடியும் நாயாவே பொறக்கட்டும். இந்தத் தடவையாவது குதிரைய நேரா ஓட்டக் கத்துக்கட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஹொர்லோ அண்ணி வீட்டுக்குள் போய்விட்டார்.

விரலில் கொழுப்பு ஒட்டியபடி நான் மண்டிபோட்டிருந்தேன். ஒரு வாக்கியம் போதும். "அண்ணே, குதிரை இங்க பொறந்ததில்ல." ஐந்து சொல்கூட இல்லை. நாற்பது வருடம் வாக்கியம் எழுதியே சாப்பிட்டவன் நான். அந்த வாக்கியம் வரவில்லை. துல்மா அக்கா சொன்னது சரி, வாய் வராது. மண்ணைத் தள்ளி மூடினோம்.

என் வாழ்க்கையில் செய்த தவறுகளை வரிசைப்படுத்தச் சொன்னால் குட்டியை உறைய விட்டது மூன்றாவது, அண்ணனின் கால் இரண்டாவது. முதலாவது இது. காலுக்காவது அவர் என்னைத் திட்ட முடியும். நாய் யாரிடம் போய்ச் சொல்லும்?

9.

முடிவுகள். மூன்று எழுதி வைத்திருக்கிறேன், மூன்றும் சரியில்லை.

முதல் முடிவில் தோர்லிக் அண்ணனுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. நான் படித்து முடித்ததும், "எனக்கு எப்பவோ தெரியும்டா" என்று தோளைத் தட்டுகிறார். இதை எழுதும்போது பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது, அதனாலேயே சந்தேகம் வந்தது. தெரிந்த மனிதர் ஒன்பது வருடம் அந்த நாயைச் சங்கிலியில் வைத்திருப்பாரா? என்னைக் காப்பாற்றுவதற்காக அவரை அயோக்கியராக்குகிற முடிவு இது. அடித்துவிட்டேன்.

இரண்டாவதில் ஊன்றுகோலால் என் மண்டையில் ஒன்று போடுகிறார். ரத்தம் வருகிறது. நிம்மதியாக இருக்கிறது. யாருக்கு நிம்மதி என்று ஓரத்தில் நானே எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது முடிவு: எழுபத்து மூன்று வயதுக் கிழவருக்கு, அதுவும் இந்த வருடத்தில், "உன்னைக் காப்பாற்றிய நாயை நீ அநியாயமாகத் தண்டித்தாய்" என்று எதற்குச் சொல்ல வேண்டும்? அவர் மனசு உடைந்து போகாதா? ஆகவே கருணையோடு மறைத்து —

[கருணை என்ற சொல்லை எழுதியதும் கை நின்றுவிட்டது. ஒரே பொய்யை மூன்றாவது தடவை, கொஞ்சம் நல்ல உடுப்பு மாட்டி.]

10.

இந்தக் கடைசிப் பகுதியைத் தோர்லிக் அண்ணன் வீட்டு வேலிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். மதியம் மூன்று மணி. உட்கார்ந்திருப்பது விறகு பிளக்கும் கட்டையில். கொக்கி இன்னும் இருக்கிறது, துருப்பிடித்து. ஜன்னல் வழியாக அண்ணனும் அண்ணியும் தெரிகிறார்கள். அண்ணன் நல்ல அங்கி போட்டிருக்கிறார். இடுப்பில் அதே ஆரஞ்சுப் பட்டு, நிறம் மங்கியது. கதை கேட்பதற்காக உடுத்தியிருக்கிறார்.

என்னை எனக்குத் தெரியும். மூன்றாம் பகுதியில் குரல் இறங்கும். நான்காம் பகுதிக்கு வரும்போது இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிடுவேன். பிறகு வரும் ஆபத்தான இடங்களிலும் அப்படியே. அண்ணனுக்குக் கண் பூத்துப்போய்விட்டது, அவர் பார்க்க மாட்டார். அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். முதல் ஒன்பது பகுதிகளின் பிரதியைக் காலையிலேயே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். இந்தப் பகுதியும் இன்று மாலைத் தபாலில் போகும், உள்ளே நடந்தது எதுவும் சேர்க்கப்படாமல். ஆகவே நான் முழுதும் படித்தேனா, தாள்களைச் சேர்த்துப் புரட்டினேனா என்பது உங்களுக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இவ்வளவு நேரம் என்னோடு இருந்திருக்கிறீர்கள், என்னைப் பற்றி ஒரு தீர்ப்பு இருக்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இன்னொன்று மிச்சம் இருக்கிறது. காதில் சொல்ல வேண்டியதை வளர்த்தவர்தான் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். அவருக்கு உண்மை தெரியாமல் போனால் அவர் சொல்லமாட்டார். எனக்குச் சொல்லும் தகுதி இல்லை. துல்மா அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் குதிரை எங்கே பிறந்தது என்று தெரிந்தவர்களில் மிச்சம் நீங்கள் மட்டும். நம்பிக்கை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உரக்கச் சொல்ல வேண்டியதும் இல்லை. வார்த்தை இதுதான்:

ஹல்தர், நீ செவலையை நேராத்தான் ஓட்டுன. மனுசனாப் பொறந்து வா.

உள்ளிருந்து கூப்பிடுகிறார்.

"நம்ஜிலு, என்னடா இன்னும் எழுதுற? டீ ஆறுது. வா, வந்து படி. நாய் வர்ற எடத்துல மட்டும் கொஞ்சம் மெதுவாப் படி."